விடுமுறைக்குப் போகும் வீடு

பொறாமை கெட்ட குணம்தான், நான் இல்லை என்றா சொன்னேன்? ஆனாலும் இந்தக் கோவில்பட்டி வழக்கைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

தையல்காரி செண்பகவல்லிக்கு ஒரே மகள் சங்கரி. சங்கரிக்கு ஒன்பது வயதானபோது, அவள் வயதுப் பெண் தமயந்தியை அந்த வீட்டில் வளர்க்கக் கொடுத்தது அரசாங்கம். தமயந்திக்குப் பதினெட்டு வயதானால் அந்தப் பொறுப்பு முடிந்துவிடும். பிறகு அவள் பாடு அவளுக்கு.

அதனால் கடைசி ஒரு வருஷம் செண்பகவல்லி தமயந்தியோடுதான் அலைந்தாள். சிலிண்டர் மாட்டுவது, வங்கியில் படிவம் எழுதுவது, பெரியாஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வருவது என்று எல்லாம் பழக்கினாள். சங்கரிக்கு அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தெரியாது.

வந்த நாளிலிருந்தே புகைந்துகொண்டிருந்த சங்கரிக்கு இப்போது வயிறு எரிந்தது. பெற்றவள் போகிற இடத்துக்கெல்லாம் அவளைத்தானே கூட்டிப் போகிறாள்! தமயந்திக்கு அதைவிட எரிந்தது. வீட்டிலேயே இருக்கப் போகிறவளுக்கு எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லையே! ஒருத்திக்குச் சுடிதார் தைத்தால் இன்னொருத்தி அதன் தையலை எண்ணிப் பார்ப்பாள். பேச்சுவார்த்தையும் நின்றுபோனது.

தமயந்திக்கு மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. விடுதிப் படிவத்தில், விடுமுறைக்குப் போகும் வீட்டு முகவரி என்று ஓர் இடம். அதில் எழுதிய வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். எழுதாவிட்டால் தீபாவளியும் பொங்கலும் விடுதிக்குள்தான். கெஞ்சி வாங்குவதற்கு இது என்ன சோறா என்று தமயந்தி அதை நிரப்பாமல் விட்டாள். செண்பகவல்லி அதைப் பார்த்தாள். நாமே எழுதச் சொன்னால் நன்றிக்குக் கட்டுப்பட்டு வருவாளே, அவளாக எழுதட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

புறப்படுகிற காலையில் சங்கரி படிவத்தைப் பிடுங்கினாள். தங்கள் கதவு எண்ணையும் தெருவையும் எழுதினாள். உறவு என்ற இடத்தில் தன்னை அக்கா என்று போட்டாள்.

"எங்கம்மாவ ஒரு வருஷம் முழுசா நீதான வச்சிருந்த? தீபாவளிக்கு ஒழுங்கா வந்து சேரு. உங்கூடச் சண்டை பாக்கி இருக்கு."

தமயந்தி அன்றுதான் அந்த வீட்டில் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள்.

கேட்காமல் இருந்த தமயந்தியா, சொல்லாமல் இருந்த செண்பகவல்லியா, பிடுங்கி எழுதிய சங்கரியா? இவர்களில் யார் செய்தது சரி, சொல்லுங்கள்?

விடை: சங்கரி செய்ததுதான் சரி. தாய் அந்தப் பெண்ணுக்குப் பிழைக்கக் கற்றுக்கொடுத்தாள். அது பெரிய காரியம்தான். ஆனால் போன பிறகு திரும்பி வரலாமா என்றல்லவா தமயந்தி தவித்தாள்? அதற்குச் சங்கரி ஒருத்திதான் பதில் சொன்னாள். விருந்தாளி மேல் யாருக்கும் பங்காளிக் காய்ச்சல் வராது. சங்கரிக்கு ஒன்பது வருஷமாக அந்தக் காய்ச்சல் ஒரு நாளும் இறங்கவில்லை.