வேகத்தடைச் சண்டை

ஒரு ஊர்ல ஒரே ஒரு தெரு. தெரு ஒண்ணுதான், ஆனா போன்ல குரூப்பு ரெண்டு. வேகத்தடை போட்டே ஆகணும்னு ஒரு குரூப்பு, போடவே கூடாதுன்னு இன்னொரு குரூப்பு. நீ 'ம்' கொட்டுடி, இல்லாட்டி அத்தை தூங்கிருவேன். ஆங், அப்படி.

'வேணும்' குரூப்புல தவசிக்கனின்னு ஒருத்தி. அவளுக்கு ரெண்டு வயசுல ஒரு மக, பவிஷா. உன்னை மாதிரிதான், கால் ஒரு இடத்துல நிக்காது. தெருவுல ஓடி வண்டியில அடிபட்டுருமோன்னு ஆத்தாளுக்கு எப்பவும் பயம். எதிர்வீட்டு அய்யாதுரை 'வேண்டாம்' குரூப்பு. வண்டியில முட்டை கட்டிக்கிட்டுக் கடை கடையாப் போடுறவரு. இந்தக் குரூப்பு வந்ததுல இருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. அப்போ ஒருநாள் தவசிக்கனி கோவத்துல, அந்த முட்டைக்காரனுக்குப் புள்ளைங்க உயிர் பெருசில்ல, முட்டைதான் பெருசுன்னு குரூப்புல எழுதிப் போட்டுட்டா. அதுக்கும் எழுபது பேரு கட்டைவிரலைத் தூக்குனாங்க. வேற வேலை!

அப்புறம், மறுநாள் காலையில. தரையில இருந்த அடுப்புல பாலை வச்சுட்டு, குப்பை வண்டி வந்துருச்சுன்னு தவசிக்கனி வாளியோட வெளிய ஓடியாந்தா. பின்னாடியே டப்புன்னு கதவு சாத்திக்கிச்சு. சடக்! பவிஷா உள்ள கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டுட்டா. போனும் உள்ள. ஜன்னல்ல கம்பி. தாழ்ப்பாளைத் தூக்குடி தங்கம்னு இவ கெஞ்சுறா, அது விளையாட்டுன்னு நெனச்சுக் கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டு அடுப்பங்கரைப் பக்கம் ஓடுது. பால் உஸ்ஸுன்னு பொங்குது.

ஓடுனா பாரு தவசிக்கனி. மொத வீட்டு அக்கா பதறிப்போயி, இரு, குரூப்புல போடுறேன்னு டக்கு டக்குன்னு தட்ட ஆரம்பிச்சுட்டா. ரெண்டாவது வீட்டுத் தம்பி ஓடியாந்தான், ஓடியாந்து ஜன்னல் வழியாப் படம் புடிச்சான். மூணாவது வீட்டு மாமா, பூட்டுன கதவைத் திறக்க ஒரு வீடியோ வந்துச்சேன்னு விரலால தள்ளித் தள்ளித் தேடுறாரு. யாரும் கெட்டவங்க இல்லடி. கைதான் போனை விட்டு வரமாட்டேங்குது.

அப்போ தீஞ்ச வாடை வந்துச்சு. இவ எதிர்வாசலைப் பார்த்தா. போக வெக்கமா இருந்துச்சு, ஆனா போயிட்டா.

"அண்ணே, புள்ள உள்ள மாட்டிக்கிச்சு. அடுப்பு எரியுது."

அய்யாதுரை அப்பத்தான் வண்டியில முட்டை ஏத்திக்கிட்டு இருந்தாரு. ஒரு கேள்வி கேக்கல. கையில இருந்த அட்டையை அப்படியே விட்டாரு, சடசடன்னு முப்பது முட்டையும் தரையில. திரும்பிக்கூடப் பாக்கல. அவ வீட்டுச் சுவத்துல ஏணியைச் சாத்துனாரு, ஓட்டுக் கூரைமேல ஏறுனாரு, நாலு ஓடு உருவிப் போட்டுட்டு, தொபுக்குன்னு உள்ள குதிச்சாரு.

என்ன, 'ம்' சத்தத்தைக் காணோம்? பயந்துட்டியா? புள்ளைக்கு ஒண்ணும் ஆகலடி. பால் சட்டியைத் தொடக் கையை நீட்டுன நேரத்துல தூக்கிட்டாரு. அடுப்பை அணைச்சாச்சு. கதவைத் திறந்தா, அவரு இடுப்புல உக்காந்துக்கிட்டு அது அப்பவும் சிரிக்குது. தவசிக்கனி வாங்கி இறுக்கிக்கிட்டா. அப்பாடான்னு வாசப்படியில உக்காந்தவ, ஓன்னு அழுதுட்டா.

அப்புறம் நிமிர்ந்து பாக்காமலே, "அண்ணே, நேத்து உங்களைப் பத்தி அசிங்கமா எழுதிட்டேன்"னா.

"யாரோ அனுப்பிவிட்டாங்க. படிச்சேன் தாயி. அதுக்குப் புள்ள என்ன செய்யும்?"

அன்னைக்குத்தான் அவ மொதமொதலாக் கேட்டா, வேகத்தடை ஏண்ணே வேண்டாங்கிறீங்கன்னு. ஒவ்வொரு தடையிலயும் அட்டைக்கு ரெண்டு முட்டை உடையுதுன்னு அவரு சொன்னாரு. நீ ஏன் வேணுங்கிறேன்னு அவரும் கேட்டாரு. இவ மகளைக் காட்டுனா.

வேகத்தடை போட்டாங்களான்னா கேக்குற? இன்னும் போடல. அவ வேணுங்கிறா, அவரு வேண்டாங்கிறாரு, தினம் சண்டைதான். ஆனா வாசல்ல நின்னு மூஞ்சியைப் பார்த்துப் போடுறாங்க. நடுவுல ஒரு வாய் காப்பியும் குடிச்சுக்கிறாங்க.

சண்டை அவங்களுக்கு இருக்கட்டும், கதை இத்தோட முடிஞ்சுது, தூக்கம் உனக்கு. கண்ணை மூடுடி.