காலிப் பாட்டில்

கிணறுகளெல்லாம் அடிப்பாறை தெரியக் கிடந்த ஒரு காலத்திலே, தண்ணீரைச் சோதிக்கும் கூடம் ஒன்று இருந்ததாம்.

அங்கே குரு பர்வீன். சீடர் ஞானதுரை. சீடருக்குத்தான் வயது அதிகம். வேறு வேலை பார்த்துவிட்டுத் தாமதமாக வந்து சேர்ந்தவர்.

"ஒன்னுமில்லன்னு சொன்னா ஏன் மேடம் யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க?" என்று வந்து நின்றார் ஞானதுரை.

"யாரு நம்பல?"

"முத்துப்பேச்சின்னு ஒரு அம்மா. பருத்திக்காட்டுக்குள்ள கிணறு. அந்தத் தண்ணியக் குடிச்ச ஆடு செத்துப்போச்சாம். மருமக மாசமா இருக்கா, குடிக்கலாமான்னு கேட்டாங்க. தாராளமாக் குடிக்கலாம்னேன். என்னை உத்துப் பாத்துட்டு இப்பத்தான் பஸ்ஸுக்குப் போறாங்க."

"எப்படிச் சோதிச்சீங்க?"

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான். பூச்சிமருந்தைப் பிடிச்சு வைக்கிற தூள் வழியா, தண்ணி முழுசையும் சொட்டுச் சொட்டா இறக்கினேன். தூள்ல பிடிச்சதைக் கரைப்பானால கழுவி எடுத்து மெஷின்ல விட்டேன். திரையில கோடு அசையவே இல்ல."

"அந்த அம்மா தண்ணி கொண்டுவந்த பாட்டில்?"

"காலி."

"காலியா?"

"கவுத்துக் காட்டட்டுமா?"

கொண்டுவந்து கவிழ்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. ஞானதுரை சிரித்தார்.

பர்வீன் பாட்டிலை வாங்கினார். அதே கரைப்பானில் கொஞ்சம் ஊற்றி, உட்சுவரெல்லாம் நனையும்படி உருட்டினார். அந்தக் கரைப்பானை மெஷினுக்குக் கொடுத்தார்.

"காலிப் பாட்டிலுக்கு இவ்வளவு உபசாரமா?" என்றார் ஞானதுரை.



கோடு எழுந்தது. எழுந்துகொண்டே போனது.

ஞானதுரை திரையருகே குனிந்து பார்த்தார்.

"தண்ணியில இல்லாதது இதுல எப்படி மேடம்?"

"இந்த மருந்துக்குத் தண்ணியக் கண்டாலே ஆகாது. வர்ற வழியிலயே பாட்டில் கண்ணாடியில போய் ஒட்டிக்கிச்சு. நீங்க தண்ணியை மட்டும்தான் விசாரிச்சீங்க."



"தப்புத்தான். அவங்ககிட்ட போனும் கிடையாது. திருத்தி எழுதி தபால்ல அனுப்பிடுறேன்."

"குடிக்கலாம்னு தபால்லயா சொன்னீங்க?"

ஞானதுரை ஜன்னல் வழியே பார்த்தார். சாலையோரப் புளியமரத்தடியில் முத்துப்பேச்சி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்தது.

அவர் செருப்பைத் தேடவில்லை. காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.