என் சுவரை இடித்த போர்ட்ஃபோலியோ

என் கொல்லைச் சுவரை இடித்தவர் தலைமையாசிரியர் பொன்னம்பலவாணன். பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. உடன் நின்றவர்கள் கணக்கு டீச்சர் எப்சிபா, டிரில் வாத்தியார் சுடலைமுத்து. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இவர்கள் மூவரும் இன்னும் அதை விடவில்லை.

சுவர் நானே கல்லடுக்கி, மண் குழைத்துக் கட்டியது. இந்தப் பக்கம் என் பாகல் பந்தல், அந்தப் பக்கம் கருவேலங்குறிச்சி நடுநிலைப் பள்ளி. அங்கே பேசுவதெல்லாம் பந்தலுக்குள் தெளிவாகக் கேட்கும்; எட்டிப் பார்த்தால் நடப்பதும் தெரியும்.

ஒரு நாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ செய்ய வேண்டுமாம். அதாவது, நடத்திய பாடம், செய்த வேலை எல்லாவற்றையும் படமும் எழுத்துமாகக் கம்ப்யூட்டரில் கோத்து வைப்பது. தெரியாதவர்கள் மற்ற ஆசிரியர்கள் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார். மாதிரிக்கு, கடலோர ஊரில் மங்கையர்க்கரசி என்றொரு டீச்சர் செய்ததையும் அனுப்பியிருந்தார்கள்.

"மாதிரின்னா மாதிரிதான். ஒரு புள்ளி குறையப்படாது," என்றார் தலைமையாசிரியர்.

முதல் பக்கத்தில் அந்த அம்மாள், 'நான் இரண்டு பிள்ளைகளின் தாய்' என்று எழுதியிருந்தாராம். சுடலைமுத்து தயங்கினார்.

"சார், எனக்குப் பிள்ளை மூணுல்லா?"

தலைமையாசிரியர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "கடைக்குட்டி எங்க படிக்கான்?"

"நம்ம ஸ்கூல்லதான் சார், ரெண்டாப்பு."

"அப்ப அவன் மாணவன் கணக்குல வந்துருவான். மிச்சம் ரெண்டு. தாய்னு எழுதும்."

எழுதினார். தலைமையாசிரியரும் தாயானார். எப்சிபா டீச்சருக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது. "எனக்குக் கல்யாணமே ஆகல சார். வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படி?"

"பிள்ளைகள் பின்னர் இணைக்கப்படும்னு போடுங்கம்மா."

அடுத்த பக்கத்தில் இன்னும் பெரிய சிக்கல். 'பின்னம் நடத்தியபோது ஒருவருக்கும் புரியவில்லை. எங்கே தவறினேன் என்று யோசித்தேன்' என்று எழுதியிருந்தார் அந்த அம்மாள்.

"நமக்கும் ஒரு தோல்வி வேணுமே. யார்கிட்ட இருக்கு?"

இத்தனை வருஷத்தில் யாரிடமும் ஒன்றுகூட இல்லையாம்.

கடைசியில் எப்சிபா டீச்சரைத் தோற்றுவிட்டு வரச் சொல்லி ஆறாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். டீச்சர் ஒரு தேங்காயைத் தரையில் ஓங்கி அடித்தார். "இதுல எது பாதி, எது கால்னு எனக்கே தெரியல. நீங்களே பாத்துக்கிடுங்க," என்றார். பிள்ளைகள் சில்லுகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார்கள். பாதி, கால், அரைக்கால் எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. டீச்சர் வேலைக்குச் சேர்ந்த ஏழு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

டீச்சர் முந்தானையில் கண்ணைத் துடைத்தபடி வந்தார். "என்னால தோக்க முடியல சார்."

"அதுவும் ஒரு தோல்விதானம்மா. எழுதுங்க."

மூன்றாம் பக்கத்தில்தான் என் குடி கெட்டது. புயலில் இடிந்த ஒரு சுவருக்கு முன்னால் நின்று அந்த அம்மாள் பாடம் நடத்தும் படம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள புயல் வருமா சுடலை?"

"ரேடியோவுல ஒண்ணும் சொல்லல சார்."

"அப்ப நாமதான் புயல்."

"ஸ்கூல் சுவரையா சார்?"

"அது சர்க்கார் சொத்துல்லா, தொட்டா மெமோ வரும். அண்ணாச்சி சுவருன்னா நமக்குள்ளதான."

நான் பந்தலை விட்டு ஓடி வருவதற்குள் சுடலைமுத்து கடப்பாரையோடு நின்றார். "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, புயல் வருது," என்றார் மரியாதையாக. வந்தது. இரண்டு கையையும் தலையில் வைத்து வாயைப் பிளந்துகொண்டு நான் நின்றேன். அந்த நொடியில், தலைமையாசிரியர் எனக்கு முன்னால் நின்று பாடம் நடத்த, எப்சிபா டீச்சர் படம் எடுத்துவிட்டார்.

"சனிக்கிழமை கட்டித் தந்துருதேன் அண்ணாச்சி," என்றார் தலைமையாசிரியர்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். மூன்று தாய்மார்களையும் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். படத்துக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பின்னாடி அலறுறாரே, யார் இவரு? ஊர்ப் பொதுமக்கள் ஒத்துழைப்பா?"

"ஆமா சார். கூப்பிடாமலே வந்தாரு."

"மங்கையர்க்கரசி டீச்சர் படத்துலகூட இது இல்லையே!" என்று வியந்து, இனி தன் கீழுள்ள நாற்பது பள்ளிக்கும் இதுவே மாதிரி என்று அனுப்பிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை போய் இதோடு ஏழு சனிக்கிழமை. பந்தலை ஆடு மேய்ந்துவிட்டது. ஒவ்வொரு வாரமும் போய்க் கேட்கிறேன்.

"எப்படிக் கட்டுவேன் அண்ணாச்சி? அது இப்ப மாதிரில்லா. மாதிரியில ஒரு கல்லை மாத்தப்படாது," என்கிறார் தலைமையாசிரியர்.

நேற்றுக் காலை ஒரு வேன் வந்து நின்றது. பதினோரு கிழவர்கள் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர். படத்தில் நிற்க வேண்டுமாம். அசல் ஆளைப் பார்த்துப் பழகிவரச் சொல்லி அந்தந்த ஊர் வாத்தியார்கள் அனுப்பியிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, வலது கை மேலயா, இடது கை மேலயா?" என்று கேட்டார் ஒருவர்.

என்ன செய்ய? செய்து காட்டினேன். வரிசையாக நின்று தலையில் கைவைத்து அலறினார்கள். பத்துப் பேருக்கு அருமையாக வந்தது. கடைசியில் நின்றவருக்கு மட்டும் வாய் சரியாகப் பிளக்கவில்லை.

"உம்ம சுவரை எப்ப வே இடிச்சாங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. நாளைக்குத்தான்."

"அப்ப கவலைய விடும், நாளைக்குத் தானா வரும்," என்று சொல்லி அனுப்பினேன். கும்பிட்டுவிட்டு, என் சுவர் இருந்த இடத்தின் வழியாகவே நடந்து போனார்.