சாமி கழுத்துல விட்ட முடி

கரட்டடி மடத்துல பௌர்ணமிக்குப் பௌர்ணமி சாமிக்கு மழிச்சு விடுறது கடைசியா வந்து சேர்ந்த சீடனோட வேலை. அப்போ அது மாசிலாமணி. நாப்பது வயசு ஆளு, முன்னாடி உப்பு வண்டி ஓட்டினவரு. அந்த வண்டி மாட்டுல ஒண்ணு சுடுகாட்டுப் பக்கம் போனாலே படுத்துக்குமாம். அது கிடக்கட்டும்.

தலை, தாடை எல்லாம் வழவழன்னு வழிச்சிடுவாரு. கத்தி குரல்வளை கிட்ட வந்தா மட்டும் மடக்கி வச்சிடுவாரு. அப்படியே விட்டு விட்டு, சாமிக்குத் தொண்டையில கிடாத் தாடி தொங்குது. மடத்துல சமைக்கிற அங்கம்மா, "சாமி, தழை ஏதும் ஒடிச்சாரட்டுமா?"ன்னு கேட்டுப்புட்டா. அவ வாய் அப்படி. ஒருக்கா தாசில்தாரையே... சரி, அதை விடுங்க.

ஒரு பௌர்ணமிக் காலையில சாமி அந்தத் தாடியைத் தடவிக்கிட்டே கேட்டாரு. "இந்த இடம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

மாசிலாமணி கத்தியைக் கீழ வச்சாரு.

"கத்தி அங்க வந்ததும் காதுல ஒரு குரல் கேக்குது சாமி."

"என்னன்னு?"

"அழுத்துன்னு."

"யாரு குரல்?"

"என் குரல்தான். ஆனா நான் வாயே தொறக்கல."

"எம்மேல கோவமா?"

"சத்தியமா இல்ல. என்னை ஊருக்கு அனுப்பிடுங்க சாமி. என் கையால உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடும்."

சாமி சுடுதண்ணியில துணியை நனைச்சு கழுத்துல போட்டுக்கிட்டாரு. முடி இளகினதும் தலையைப் பின்னாடி சாய்ச்சு கண்ணை மூடினாரு.

"இடது கையால தோலை இழுத்துப் பிடி. கத்தியைப் படுக்கப் போடு. மேலேருந்து கீழ வா."

மாசிலாமணி வச்சாரு. மரத்துல கரைஞ்சிக்கிட்டு இருந்த காக்கா சட்டுன்னு நிறுத்திடுச்சு.

அழுத்து.

காதோரம் மூச்சுக்காத்து படுது. திரும்பினா ஆள் இல்ல. கத்திக்குக் கீழ சாமியோட நாடி துடிக்குது. அழுத்து, அழுத்து. சாமி எச்சி கூட முழுங்கல. சரசரன்னு கத்தி இறங்கி முடிஞ்சுது. ஒரு கீறல் இல்ல.

"நின்னுச்சா?"

"இல்ல சாமி. கடைசி வரைக்கும் சொல்லிச்சு."

"ம்."

சாமி கத்தியை வாங்கி, தோல் வார்ல ரெண்டு இழுப்பு தீட்டினாரு.

"உக்காரு. உன் கழுத்தும் காடாத்தானே கிடக்கு."

மாசிலாமணி உக்காந்து தலையைச் சாய்ச்சாரு. கத்தி ஜில்லுன்னு குரல்வளையில வந்து நின்னுச்சு. அப்புறம் நகரவே இல்ல.

"சாமி... உங்களுக்கும் சொல்லுமா?"

"இப்பவும் சொல்லுது. நீ பேசாத, தொண்டை ஆடுது."