முட்டி உசரம் பைன்

ஒரு மலை மேல ஒரு ஊர்ல ஒரு மாயக்கா இருந்தா. அவளுக்கு ஒரு புருஷன், பேரு சடையாண்டி. ஒரே மக, பேரு பவுனு. அப்புறம் அரை ஏக்கர் பீன்ஸ். பீன்ஸ் வளக்குறதுல மாயக்காவை மிஞ்ச அந்த மலையில ஆள் கிடையாது. வெதைச்ச ஏழாம் நாள் மண்ணு 'பொளக்'னு வெடிக்கும். ரெண்டு பருப்பையும் தலையில தூக்கிட்டு பீன்ஸ் வெளிய வரும். வந்ததும் வராததுமா அதிகாரம் பண்ணும். "ஏ மாயக்கா, தண்ணி. எரு எங்க? குச்சி எங்க, நான் ஏறணும்ல. சீக்கிரம், எனக்கு மூணு மாசம்தான் டயம்." இப்படித்தான், மூக்கால பேசும். சிரிக்காதே, சிரிச்சா தூக்கம் போயிரும். கேக்குறியா?

ம்.

அப்போ பவுனு அஞ்சாங்கிளாஸ் படிச்சுட்டு இருந்தா. பள்ளிக்கூடத்துக்கு மேல பைன் காடு. ஒரு நாள் காத்துல காய் விரிஞ்சு, றெக்கை வெச்ச விதை ஒண்ணு 'கிர்ர்ர்'னு சுத்திக்கிட்டே வந்து அவ ஜடையில உக்காந்துச்சு. அதைக் கொண்டுவந்து பீன்ஸ் பாத்தி ஓரத்துல ஊனுனா. ஏழு நாளாச்சு, இல்ல. பதினாலு நாளாச்சு, இல்ல. இருபத்தி ரெண்டாம் நாள்தான், தீக்குச்சி மாதிரி ஒண்ணு, தலையில விதைத் தோலைத் தொப்பியா மாட்டிக்கிட்டு எந்திரிச்சுது. தொப்பி விழுந்ததும் பூனை மீசை மாதிரி பச்சையா ஏழெட்டு ஊசி. அது என்ன பேசுச்சுன்னு கேக்குறியா? ஒண்ணும் பேசல. அதுக்கு என்ன குரல் வைக்கிறதுன்னு எனக்கும் தெரியல.

அப்புறம் ஜூன் மாசம் வந்துச்சு. அந்த ஊர்ல அஞ்சாங்கிளாஸுக்கு மேல பள்ளிக்கூடம் இல்ல. கீழ டவுன்ல ஹாஸ்டல். பஸ்ஸு 'பாம் பாம்'னு நிக்குது, பவுனு ஏற மாட்டேங்குறா. கண்டக்டர் கரகரன்னு, "ஏத்தி விடும்மா, இன்னும் எத்தன வளைவு சுத்தணும்."

"என் மரம்?"ங்குறா பவுனு.

"நான் பாத்துக்கிறேன்டி."

"டிசம்பர் லீவுக்கு வரும்போது என் முட்டி உசரம் இருக்குமா?"

மாயக்காவுக்குத் தெரிஞ்சது பீன்ஸ். அது ரெண்டு மாசத்துல ஆளையே தாண்டும். அதனால, "முட்டி என்ன, உன் தலைக்கு மேல நிக்கும். சத்தியம்"னுட்டா. அந்தச் சத்தியத்தை நம்பித்தான் பவுனு பஸ் ஏறுனா.

ம். அப்புறம்?

அப்புறம் ஒரு மாசம் போச்சு. பீன்ஸ் குச்சி உச்சிக்கு வந்துருச்சு. பைன் அதே விரல் உசரம். மாயக்கா பயந்துட்டா. கோழி எருவை ஒரு கூடை கொண்டாந்து 'தொப்'னு கொட்டுனா. பீன்ஸ் எல்லாம் "எனக்கு, எனக்கு"ன்னு கத்துச்சு. பைன் ஒண்ணும் சொல்லல. ஒரு வாரத்துல ஊசி நுனி மஞ்சளாச்சு.

"தாகமா இருக்கும்"னு நினைச்சா. காலையில ஒரு பூவாளி, சாயங்காலம் ஒரு பூவாளி, 'சளசள'ன்னு ஊத்துனா. மழை பெய்யுற நாள்லயும் ஊத்துனா. மஞ்சள் அடிவரைக்கும் எறங்கிருச்சு.

"நிக்க முடியல போல"ன்னு நினைச்சா. பீன்ஸுக்குப் பண்ற மாதிரியே குச்சி ஊனி, கயிறு கட்டி, கழுத்து வரைக்கும் மண்ணை அணைச்சு விட்டா. தெனமும் பக்கத்துல உக்காந்து, "வளருடா, என் புள்ள வருது, வளருடா"ன்னு கெஞ்சுனா.

டிசம்பரும் வந்துச்சு. அடுத்த போகம் பீன்ஸ் காய்ச்சிருந்தப்போ, மரக்கன்னு வளக்குற நாத்துப் பண்ணையில வேலை பாக்குற லூர்து பீன்ஸ் வாங்க வந்தார். பைனைப் பாத்ததும் குந்திட்டார். வாயில வெத்தலை வேற.

"ழென்னக்கா இது?"

"துப்பிட்டுப் பேசு லூர்து."

துப்பிட்டுச் சொன்னார். "இது பீன்ஸ் இல்லக்கா. பீன்ஸுக்கு அவசரம். திங்கணும், ஏறணும், காய்ச்சு முடிக்கணும். அப்பவும் அது வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கே, பாதி சோறு அதுலயே ஆக்கிக்கும். இதுக்கு அம்பது அறுபது வருஷம் கிடக்கு. மொதல் வருஷம் ஒரு சாண் வந்தாலே பெருசு. வெயிலு வேணும், ஈரம் நிக்காத ஏழை மண்ணு வேணும். நீ விருந்து வெச்சிருக்க."

"இப்ப என்ன பண்ண?"

"மண்ணைத் தள்ளி விடு, தண்ணியை நிறுத்து. பெரிய பைன் மரத்தடி மண்ணு ஒரு கை கொண்டா. அதுல வெள்ளை நூலாட்டம் பூஞ்சை ஓடும். அது வேரைப் புடிச்சாத்தான் இது ஒழுங்காச் சாப்பிடும். நாங்க நாத்து விடும்போதே கலந்துருவோம்."

மாயக்கா அப்பவே காட்டுக்கு ஓடுனா. சருகு மேல 'சரக் சரக்'னு வழுக்கி விழுந்து, காளான் வாசம் அடிக்குற மண்ணை முந்தானையில அள்ளிட்டு வந்தா. வந்து, கழுத்துல அணைச்ச மண்ணை மெதுவா விலக்குனா. கன்னு கையோட வந்துருச்சு. அடி அழுகிப் போயிருந்துச்சு, வேரு குழகுழன்னு.

மறுநாள் பவுனு வர்றா.

சடையாண்டி சொன்னான், "காட்டுல ஒண்ணு புடுங்கி நட்டுரலாம்டி. மரத்துக்கு மரம் மூஞ்சி வேறயாவா இருக்கு?"

"வேணாம்யா. ஏற்கெனவே ஒரு பொய் சொல்லித்தான் பஸ்ல ஏத்துனேன்"னா மாயக்கா.

தூங்கிட்டியா?

இல்ல. பவுனு வந்தாளா?

வந்தா. ஒரு சாண் வளந்திருந்தா. மாயக்கா நேரா தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போய், காலிக் குழியைக் காட்டி எல்லாத்தையும் சொல்லிட்டா. "நல்லா வளரணும்னுதான்டி எல்லாம் குடுத்தேன்"னு சொல்லி முடிச்சுட்டு, மக கத்துவா, அடிப்பா, அப்போ வாரி மடியில போட்டுக்கலாம்னு உக்காந்திருந்தா.

பவுனு குனிஞ்சு குழியைப் பாத்தா. "பரவால்லம்மா"ன்னா. அப்புறம் பையைக் கீழ வெச்சுட்டு, "பீன்ஸ் பறிக்கணுமா? நான் பறிக்கவா?"ன்னு கேட்டா.

மாயக்கா அவ கையைப் புடிச்சா. "அழுடி. உன் மரம்தானே. அழுதா என்ன?"

"ஹாஸ்டல்ல ஆரம்பத்துல அழுதேன்மா. யாரும் வரல. அப்புறம் விட்டுட்டேன்."

சும்மா, மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னா. சொல்லிட்டு 'டக், டக்'னு பீன்ஸ் பறிக்க ஆரம்பிச்சுட்டா. மாயக்காதான் பாத்தி மேலயே உக்காந்து வாய்விட்டு அழுதா. பவுனு பறிச்ச காயோட வந்து அவ முதுகைத் தடவிக் குடுத்தா, பெரிய மனுஷி மாதிரி. "தண்ணி வேணுமாம்மா?"ன்னு கேட்டா.

மரம்?

இல்லடா, மரம் இல்ல. கதை அந்தப் பாத்தியிலேயே உக்காந்துருச்சு, எந்திரிக்கல. நீ கண்ணை மூடு. அழுகை வந்தா அழு, நான் இங்கதான் இருக்கேன். அழுதுட்டே தூங்கு.