சீறிய பானையும் சீறாத பானையும்

முன்னொரு காலத்தில் மஞ்சளாற்று நாட்டை அதிரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மனசு தங்கம், கோபம் மட்டும் மூக்குக்கு மேலே. ஒருநாள், ஏரிக்கரையை வெட்டி உல்லாச மண்டபம் கட்டப் போவதாகக் கிளம்பினான்.

"கரை உடைந்தால் ஊரே மிதக்கும். கூடவே கூடாது!" என்று சபை நடுவே சத்தம் போட்டார் மந்திரி மருதவாணர்.

மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த கொண்டல்ராயர் விடுவாரா? "பார்த்தீர்களா பிரபு, பாம்பாய்ச் சீறுகிறார்!" என்று தூபம் போட்டார். அவ்வளவுதான், மந்திரியை நாடு கடத்திவிட்டான் ராஜா.

மந்திரியின் மனைவி அலர்மேலு பட்ட பாடு இருக்கிறதே! சாப்பாட்டு வேளையில் கை தானாக அவருக்கு இலை போட்டுவிடும். பிறகுதான் நினைவு வரும், எடுத்து வைப்பாள். ரசத்தைக் குறை சொல்ல ஆளில்லாத வீட்டில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை. அந்த மனுஷன் குரலை ஒருதரம் கேட்டால் போதும் என்று ஏங்கிக் கிடந்தாள்.

இப்படியிருக்க, அரண்மனைத் தோட்டத்தில் ஒரு பாம்பு படமெடுத்து நின்றது.

"நல்ல பாம்பு, பிரபு" என்றான் காவலன்.

"கடித்தால் ஆளே காலி, அதற்கு 'நல்ல' என்று பேரா? காரணம் சொல்பவர் கேட்டதைத் தருகிறேன்!" என்றான் ராஜா.

"பயந்தாங்கொள்ளிகள் வைத்த பேர் பிரபு" என்று இளித்தார் ராயர்.

சேதி கேட்ட அலர்மேலு, ஒரு பாம்பாட்டியைக் கூட்டிக்கொண்டு சபைக்கு வந்தாள். துணியால் வாய் மூடிய இரண்டு பானைகளை வைத்தாள்.

"ராயரே, பயமில்லாதவர் நீங்கள்தானே? ஏதாவது ஒன்றைத் திறங்கள்."

ராயர் முதல் பானையை நெருங்கினார். 'புஸ்ஸ்' என்று ஒரு சீறல்! துள்ளிப் பின்வாங்கி, சத்தமில்லாத பானைத் துணியில் கை வைத்தார்.

"ஐயோ, கையை எடுங்கள்! அதில்தான் கட்டுவிரியன்!" என்று கத்தினாள் அலர்மேலு. ராயருக்கு வேர்த்துக் கொட்டியது.

"பிரபு, முதல் பானையில் இருப்பது நல்ல பாம்பு. கிட்டே வராதே என்று சொன்னது, ராயர் பிழைத்தார். மற்றது சொல்லாமல் கடிக்கும். எச்சரித்துச் சீறுவதைத்தான் ஊர் நல்லது என்கிறது. அப்படிச் சீறிய ஒருவரை நீங்கள் துரத்திவிட்டீர்கள். எனக்கு அவர் வேண்டும்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ராஜா மந்திரியின் காலி ஆசனத்தைப் பார்த்தான். தலை தானாகக் குனிந்தது. "ஏரிக்கரையில் யாரும் கை வைக்கக் கூடாது. ராயரே, பல்லக்கோடு போய் மந்திரியை அழைத்து வாரும். வரும்போது அவர் பல்லக்கில், நீர் நடை!"

மருதவாணர் வீடு வந்து சேர்ந்தார். அலர்மேலு இலை போட்டாள். இந்தத் தடவை எடுக்கவில்லை. அவர் ஒரு வாய் வைத்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"என்னடி ரசம் இது? உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறாய்!"

அலர்மேலு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

"இன்னும் கொஞ்சம் திட்டுங்கள்" என்றாள்.