பஞ்சவர்ணத்தோட ஆசை

ஒரு ஊர்ல ஒரு காப்பகம் இருந்துச்சு. அடிபட்டது, கண்ணு தெரியாதது, வேண்டாம்னு வீதியில விட்டுட்டுப் போனதுன்னு நாயும் பூனையுமா அங்க ஒரு பெரிய குடும்பமே இருந்துச்சு. ம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன்.

"ம்."

அதுல ஒரு பூனை. பேரு பஞ்சவர்ணம். மேல இருந்தது என்னவோ மூணு நிறம்தான், பேரு வச்சவங்களுக்குக் கணக்கு வரல போல. குட்டியா இருக்கும்போதே பைக் ஏறி இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. முன்னங்காலால நடக்கும், பின்னங்கால் சரக் சரக்னு இழுபட்டுக்கிட்டே வரும். இப்பவும் யாராவது கோணிய தரையில இழுத்துட்டுப் போனா, பூனைங்களப் பாத்துக்கிட்ட தனபாக்கியம் சட்டுனு திரும்பிப் பாப்பா.

அதுக்கு மூத்திரம்கூடத் தானா வராது. தனபாக்கியம்தான் வேளாவேளைக்கு மடியில போட்டு அடிவயித்த மெதுவா அமுக்கி விடுவா. சிரிக்காத. உன்னைய எழுப்பி பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறது யாரு? வேற யாரு தொட்டாலும் புஸ்ஸுனு சீறும், அவ கை பட்டா மட்டும் குர்ர்ர்னு மயங்கிக் கிடக்கும். அவளும் கல்யாணத்துக்குப் போனா, பஞ்சவர்ணத்துக்கு நேரமாச்சுன்னு பந்தியில பாதியில எழுந்து வந்துடுவா.

அப்புறம் வயசாச்சு, கிட்னி கெட்டுப்போச்சு. டாக்டரம்மா பாத்துட்டு, "இனிமே ஊசி குத்தி இம்சை பண்ண வேண்டாம் பாக்கியம், பக்கத்துல இரு"ன்னு சொல்லிட்டாங்க. தனபாக்கியம் அத மடியில போட்டுக்கிட்டு உக்காந்துட்டா. பூனை தண்ணியக்கூடத் தொடல, மூச்சு மட்டும் இழுத்துக்கிட்டே கிடந்துச்சு.

அந்த ஊர்ல உசுரு அப்படி இழுத்துக்கிட்டுக் கிடந்தா, ஏதோ ஆசை மிச்சம் இருக்குன்னு சொல்லுவாங்க. அத நிறைவேத்தினா நிம்மதியாப் போயிடுமாம். பூனைக்கு என்ன ஆசை இருக்கும்?

"பாலு."

அவளும் அதத்தான் நெனச்சா. கரண்டியில பால் எடுத்து வாயில தடவினா. ம்ஹூம். அப்புறம் சமையக்கட்டு மாடசாமி நெத்திலிக் கருவாடு சுட்டு எடுத்துட்டு வந்தாரு. மத்த பூனையெல்லாம் மியாவ் மியாவ்னு அவர் காலச் சுத்துச்சு, இது மூக்கக்கூட அசைக்கல.

"என்னதாண்டி வேணும் உனக்கு"ன்னு தனபாக்கியம் அழுதே போயிட்டா. அப்போதான் அது கண்ணு எங்க இருக்குன்னு பாத்தா. மதில்மேல. சாயங்காலமானா மத்த பூனையெல்லாம் தொம் தொம்னு தாவி மதில்மேல வரிசையா உக்காந்துக்கும். இது மட்டும் கீழயே கிடந்து பாக்கும். அணில வேடிக்கை பாக்குதுன்னுதான் இத்தனை வருஷமும் எல்லாரும் நெனச்சாங்க. விழுந்துடுமேன்னு ஒருநாளும் அவ அத மேல ஏத்தினதே இல்ல.

அப்புறம் என்ன, மாடசாமி ஏணியப் பிடிக்க, சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு ஏறினா. நல்ல கனத்த உடம்பு, ஏணி கிறீச் கிறீச்னு கத்துது. கீழ பாத்தாலே தல சுத்துற பொம்பள அவ. பூனைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒருவழியா மதில்மேல உக்காந்துட்டா. மத்த பூனைங்க கொஞ்சம் நகந்து இடம் குடுத்துச்சுங்க.

அந்தப் பக்கம் வாழத்தோப்பு, அதுக்கு அங்கிட்டு ரயில் தடக் தடக்னு போச்சு. பஞ்சவர்ணம் தலையத் தூக்கி நாலாபக்கமும் பாத்துச்சு. கீழ நின்ன நாய்ங்களையும் மிதப்பா ஒரு பார்வை பாத்துச்சு. அப்புறம் அவ கையில தலைய வச்சுச்சு. குர்ர்... குர்... அப்புறம் சத்தம் இல்ல.

"செத்துப்போச்சா?"

ஆமா கண்ணு. தனபாக்கியம் அழுதா, ஆனா எறங்கல. "வா பாக்கியம், இருட்டப்போகுது"ன்னு மாடசாமி கூப்பிட்டாரு.

"இருங்கண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் பாக்கட்டும்"னா அவ.

அவ்வளவுதான். கதை மதில் ஏறிடுச்சு, நீ கண்ண மூடு.